சிவப்பு டேப் ஒட்டிய கீபோர்டு

மட்டாஞ்சேரி. 2002. நல்லசிவத்தின் டி.டி.பி. கடை. மாலை ஐந்து மணிக்கு அங்கே இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் வருமாறு:

கண்ணாடி அறைக்குள், வாசலுக்கு முதுகு காட்டி, கம்ப்யூட்டர் முன்னால் நல்லசிவம்.

பிளைவுட் தடுப்புக்குப் பின்னால், ப்ரூஃப் மேஜையில் அவருடைய ஒரே சிநேகிதர் அனந்தநாராயணன்.

வாசல் பெஞ்சில், மலையாள டைப்பிங் பார்க்கும் அனீஷ்.

சாயா கொண்டு வந்த கற்பகம் உட்காரவில்லை. நேராகக் கண்ணாடி அறைக்குள் போனாள்.

"அய்யோ…!"

நல்லசிவத்தின் கழுத்தில் துண்டு. முடிச்சு நாற்காலியின் முதுகில். கைகள் இன்னும் கீபோர்டின் மேல்!

எஸ்.ஐ. ஷைலஜா வந்தாள்.

"அனீஷே, இவரைக் கடைசியா உயிரோட பார்த்தது யாரு?"

"ஞான்தன்னே மேடம். களமசேரியில நோட்டீஸ் கொடுத்துட்டு நாலு மணிக்கு வந்தேன். அப்போலேர்ந்து ஸ்க்ரீன்ல தமிழ் எழுத்து ஓடிட்டே இருந்துச்சு. வேலையில இருக்கும்போது தொந்தரவு பண்ணினா சேட்டன் கடிச்சு வெச்சிடுவார். நான் உள்ள போகலை. சேச்சிதான் போனா…"

ஷைலஜா கற்பகத்திடம் திரும்பினாள்.

"எழுத்து ஓடிச்சுன்னா ஆளு உயிரோட இருந்திருக்கான். உள்ள போனது நீ மட்டும். நட, ஸ்டேஷனுக்கு!"

"எழுத்து ஓடத்தான் செஞ்சுது மேடம்… பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் செய்யலை! எம்பொண்ணுக்கு என்னை விட்டா யாருமில்லை…"

அவள் சொன்ன உண்மையே அவளுக்கு விலங்கு!

ஷைலஜா பேனா முனையால் பிணத்தின் விரலருகே கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினாள்.

திரையில்… மலையாள எழுத்து!

"எந்தா இது?"

அனீஷ் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"பச்சை டேப்… அது என்டெ கீபோர்டு மேடம்!"

"ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை கீபோர்டுடா?"

"ரெண்டு. டிரைவர் சாஃப்ட்வேர் போட்டிருக்கு. எந்தக் கீபோர்டுல தட்டறோம்னு அதுக்குத் தெரியும். பச்சையில தட்டினா மலையாளம் மட்டும். சிவப்புல தட்டினா தமிழ் மட்டும். பச்சை எப்பவும் தடுப்புக்கு அந்தப் பக்கம், நான் டைப் பண்ற ப்ரூஃப் மேஜையிலதான் இருக்கும்…"

"அப்ப சிவப்பு எங்கே?"

ஒயர் ஒன்று பிளைவுட் ஓட்டைக்குள் நுழைந்திருந்தது. இழுத்துப் பார்த்தார்கள். ப்ரூஃப் காகிதங்களுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது… சிவப்பு டேப்!

செத்தவருக்குப் பதிலாக வேறு யாரோ டைப் செய்திருக்கிறார்கள்!

அனந்தநாராயணன் கண்ணாடியைத் துடைத்தார். "அது அனீஷோட இடமாக்கும். அவனைக் கேளுங்கோ."

"எனக்குத் தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது சாரே!"

"கற்பகம்?"

"பேசத்தான் வரும் மேடம். படிச்சது மலையாளம்."

"எனக்கும் வாசிக்க வராது," என்ற ஷைலஜா அனந்தநாராயணனைப் பார்த்தாள். "சாரே, நீங்க வாசிங்க. ஸ்க்ரீன்ல என்ன இருக்கு?"

"கல்யாணப் பத்திரிகை. மணமகன், மணமகள், முகூர்த்தம்… வேற என்ன?"

வாசலில் கான்ஸ்டபிள் பாண்டித்துரை இருமினான்.

"மேடம்… நான் நாலாம் கிளாஸ் வரை செங்கோட்டையில படிச்சேன். எழுத மறந்துபோச்சு. வாசிச்சுப்புடுவேன்."

எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"'சிவா, தங்கை வீட்டோடு போய் இருக்கப் போகிறேன் என்கிறாய். நீ போனால் நான் யாரோடு பேசுவேன்? இப்போது பார், நீ எங்கேயும் போகவில்லை…' பக்கம் முழுக்க இதேதான் மேடம்!"

ஷைலஜா அனந்தநாராயணனிடம் திரும்பினாள்.

"வாசிக்க ஆளில்லைன்னு தைரியம்?"

"இருந்த ஒருத்தன் சிவன்தான்." அனந்தநாராயணனின் குரல் உடைந்தது. "ஞாயித்துக்கிழமைகூட நாங்க ரெண்டு பேரும்தான். நேத்து ரயில் டிக்கெட்டைக் காட்டறான்… சிரிச்சுண்டே!"

கற்பகம் கெட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

தென்காசியில் இருக்கும் தங்கைக்குச் சாவுச் செய்தி போக வேண்டும். தமிழில் யார் எழுதுவது?

எல்லாருடைய பார்வையும் ஒருவர் மேல்தான் விழுந்தது.

விலங்கு பூட்டிய கைகளால், சிவப்பு டேப் கீபோர்டில், அனந்தநாராயணன் அடித்து முடித்தார். பாண்டித்துரை ஒரு முறைக்கு இரு முறை வாசித்துப் பார்த்தான். உறையை ஒட்டினான். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

"மேடம், அனுப்புநர் விலாசத்துல தன் லாட்ஜ் ரூமைப் போட்டிருக்காரு. பதில் வந்தா?"

"சப் ஜெயிலுக்குத் திருப்பி விடு. பேச ஆளில்லைன்னு இனி சார் புகார் சொல்ல முடியாது… ஒரே ரூம்ல பன்னிரண்டு பேரு!"