சிராய்ப்பே இல்லாத விபத்து

காலை பத்தே கால். ஓடுபாதையைத் தொடுவதற்கு முன்பே விமானம் தரையில் மோதியது. திரை சிவந்து அணைந்தது. யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. காரணம், அது பயிற்சிப் பள்ளியின் மாடி அறையில் இருக்கும், விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர். ஆனாலும் அதிலிருந்து இறங்கிய தங்கையின் முகத்தைப் பார்த்தால் யாரோ செத்தே போய்விட்டார்கள் என்று தோன்றும்.

மீட்டர்களை எல்லாம் அட்டை வைத்து மறைத்துவிட்டு, கண்ணை மட்டும் நம்பி விமானத்தை இறக்க வேண்டிய கடைசித் தேர்வு அது. விமானக் கம்பெனியில் ஒரே ஓர் இடம். போட்டியில் மிஞ்சியவர்கள் அண்ணனும் தங்கையும். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அண்ணன் பூப்போல இறக்கிக் காட்டியிருந்தான். தோற்றவருக்கு மறுவாய்ப்பு கிடையாது.

"விடும்மா, உனக்கு நேரம் சரியில்ல," என்று அண்ணன் அவள் தோளைத் தட்டினான்.

"நான் சரியாத்தாண்ணா இறக்கினேன். ரன்வேதான் என்னை ஏமாத்திடுச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. கண்ணால் இறக்குவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தப் பள்ளியில் ஆளில்லை. அவர் போனை எடுத்தார்.

மதியம் விசாரணை அதிகாரி வந்து சேர்ந்தார். நிஜ விபத்துகளின் இடிபாடுகளைக் கிளறியே தலை நரைத்த பெண்மணி. "பொம்மை விபத்துக்கெல்லாம் கூப்பிடறீங்க. நாளைக்குக் காத்தாடி அறுந்தாலும் வரணுமா?" என்று முணுமுணுத்தபடி, விமானம் இறங்கிய பாதையைக் கோடாகக் காட்டும் பதிவைப் பார்த்தவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பதறிப்போய் இறக்குகிறவரின் கோடு மேலும் கீழும் அலையும். இவள் கோடு துளியும் அலையவில்லை. தொடக்கம் முதலே, ஒரே சீராக, தாழ்வாகவே வந்திருந்தது.

"வரும்போது எப்படித் தெரிஞ்சுது?"

"ரொம்ப உசரத்துல இருக்கற மாதிரி. அதான் இன்னும் இறக்கினேன்."

"அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் பழகினீங்களா?"

"இல்ல மேடம். அம்மா படுத்த படுக்கை. யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணும். காலையில அவன், சாயங்காலம் நான். இன்னிக்கு மட்டும் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கறாங்க."

அதிகாரி பயிற்சியாளரை சிமுலேட்டர் இருக்கையில் உட்கார வைத்தார். பாவம், பழுத்த அனுபவசாலி. அவரும் ஓடுபாதைக்கு முன்னாலேயே போய் மோதினார்.

அடுத்து, சிமுலேட்டரைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனை அழைத்தார். கம்ப்யூட்டரில் ஓடுபாதையின் அகலத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. நாற்பத்தைந்து மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் முப்பது.

"பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான் மேடம்."

"காலையில மெஷினைப் போடறது?"

"நான் வர்றதுக்குள்ள இந்தத் தம்பியே போட்டு வச்சிருக்கும்," என்று அண்ணனைக் காட்டினார். "ஒத்தாசையான புள்ள."

"குறுகலான பாதையைப் பார்த்தா, நாம உசரத்துல இருக்கறதா கண்ணு நம்பிடும்," என்றார் அதிகாரி. "இறக்கிக்கிட்டே போய் மோதுவோம். பொண்ணு சொன்னது சரிதான். ரன்வேதான் ஏமாத்தியிருக்கு."

"எனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான் அண்ணன். "நான் இறக்கினதுக்கு அப்புறம்தான் மாத்தியிருக்காங்க." எல்லாருடைய பார்வையும் டெக்னீஷியன் மேல் பாய்ந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்ல பாயின்ட் தம்பி," என்றார் அதிகாரி. திறந்திருந்த கம்ப்யூட்டரில் பயிற்சியாளரை விட்டே அகலத்தை நாற்பத்தைந்தாக மாற்றச் சொன்னார். "நீங்க சொல்றபடி பார்த்தா, காலையில நீங்க இறக்கினது இதே ரன்வேதான். இன்னொரு தடவை இறக்கிக் காட்டுங்க."

அண்ணன் தயங்கினான். தங்கை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தான்.

விமானம் தேவைக்கு மேல் உயரமாக வந்தது. பாதி ஓடுபாதை கடந்தும் தரையைத் தொடவில்லை. பிறகு தொப்பென்று விழுந்து, மறுகோடியைத் தாண்டி ஓடி நின்றது.

"பதட்டம் மேடம்," என்றான், நெற்றியைத் துடைத்தபடி.

"பதட்டம்னா கோடு அலையணும். உங்க கோடு ஒரே சீரா, உசரமாவே வந்திருக்கு. குறுகலான பாதைக்குப் பழகின கண்ணுக்குத்தான் சரியான பாதை அகலமாத் தெரியும். தாழ்வா வர்றோம்னு பயந்து மேலேயே நிக்கும். தினமும் காலையில சுருக்கிப் பழகிட்டு, தங்கச்சி வர்றதுக்குள்ள பழையபடி மாத்தி வச்சீங்க. இன்னிக்கு மட்டும் மாத்தல. பாஸ்வேர்டு வேற யாருக்கும் தெரியாதாம், ஆனா அது இல்லாம ஓடாத மெஷினைப் போடறது நீங்களாம். அகலத்தை நீங்க மறைச்சிட்டீங்க தம்பி. பழகின கண்ணை எங்கே கொண்டுபோய் மறைப்பீங்க?"

டெக்னீஷியன் தலையைக் குனிந்துகொண்டார். "பாஸ்வேர்டை நான்தான் மேடம் சொல்லிக் கொடுத்தேன். காலையில சீக்கிரம் வர சோம்பல்."

அண்ணன் இருக்கையை விட்டு இறங்கினான். "அவ ஜெயிச்சுப் போயிட்டா, அம்மா பக்கத்துல காலம் பூரா நான்தான் உட்காரணும்," என்றான் கடைசியில்.

அன்று மாலையே தங்கைக்கு மறுதேர்வு வைத்தார்கள். சக்கரங்கள் தொட்டது பயிற்சியாளருக்கே தெரியவில்லை, அவ்வளவு மென்மை. எல்லாரும் கை தட்டினார்கள்.

மாடிப்படியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவள் அவன் முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. அது சந்தோஷக் கண்ணீர் இல்லை.

"சீட் எனக்குக் கிடைச்சிடுச்சு. ஆனா இனிமே அம்மாவை உன்னை நம்பி எப்படிண்ணா விட்டுட்டுப் போவேன்?"