பரணியின் கை

பருப்புச் சோற்றைப் பிசைந்து முதல் உருண்டையை உருட்டிய மருதம்மாள் அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மடியில் மல்லாந்து கிடந்த தன் இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"தின்னு கண்ணு," என்றாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் சண்முகவேல் தண்ணீர்ச் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவளுடைய இடது கை அசைந்ததில்லை.

"யாரத் திங்கச் சொல்ற மருது?"

"ஏனுங்க, புள்ள பக்கத்துலயே உக்காந்திருக்கறா, தெரியலீங்களா? பரணிதானுங்க. கையப் பாருங்க, இத்தினியூண்டு."

பரணி அவர்களுடைய ஒரே மகள். ஏழு வயதில் டெங்குக் காய்ச்சலில் இறந்தவள்.

கோயம்புத்தூரில் மூளை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் பிரிசில்லாவுக்கு இது ஆச்சரியமாக இல்லை. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஸ்கேன் படத்தில் ஒரு கறுப்புத் திட்டைக் காட்டினாள்.

"இது என் கைன்னு தோணணும்னா மூளையில பல இடம் ஒண்ணா வேலை செய்யணும்ணே. இவங்களுக்கு அந்த இடங்களுக்கு நடுவுல இருந்த பாதை அறுந்துபோச்சு. கை இருக்கறது தெரியுது, தன்னோடதுன்னு தெரியல. அதனால மூளையே யாரையாவது சொந்தக்காரங்களா ஆக்கிடுது. ஒருத்தர் இது பக்கத்து பெட்காரர் கைன்னு சண்டைக்கே போயிட்டாரு."

சண்முகவேல் சிரிக்க முயன்றார்.

"நேரா பாத்தா நம்ப மாட்டாங்க. கண்ணாடியில காட்டுனா கொஞ்ச நேரம் தன்னோடதுன்னு ஒத்துக்குவாங்க. தினமும் காட்டுங்க. ஒத்துக்கிட்டாத்தான் பயிற்சிக்கு வருவாங்க, எந்திரிச்சு நடப்பாங்க. படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் உறைஞ்சு உயிருக்கே ஆபத்து. கண்ணாடிய மட்டும் விட்டுடாதீங்கண்ணே."

சொந்த ஊரான மங்கலத்துக்குத் திரும்பியதும் பீரோக் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலுக்கு எதிரே சாய்த்து வைத்தார். மருதம்மாள் வெகுநேரம் பார்த்தாள்.

"அட, இது என்ற கைதானுங்க."

"ஆமா மருது. உன்ற கைதான்."

"அப்பொ பரணி எங்கீங்க?"

அவர் சொல்ல வேண்டியிருந்தது. அன்றுதான் கேள்விப்பட்டவள்போல அவள் அலறினாள். பக்கத்துத் தறிக்கூடத்தின் சத்தத்தையும் மீறி அந்த அலறல் தெருவுக்குக் கேட்டது. கண்ணாடியை எடுத்ததும் அழுகை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்த விரல்களுக்குச் சொடக்கு எடுத்துவிட்டாள். மறுநாளும் கண்ணாடி, மறுநாளும் அதே கேள்வி. பிள்ளை தினமும் செத்தாள். ஒருநாள் சண்முகவேல் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். டாக்டர் போனில் கேட்டபோது, "வெக்கறனுங்க," என்றார்.

தோள்மூட்டு இறங்கிவிடாமல் இருக்க அந்தக் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டச் சொல்லியிருந்தார்கள். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வெள்ளைப் பனியன் துணியில் நீளமாக ஒரு பட்டி வெட்டி வந்தார். அதைக் கண்டதும் மருதம்மாளின் முகம் வாடியது.

"மறுபடியும் கட்டறீங்களா? பாவமுங்க. பீச்சாங்கையில தின்னா தின்னுட்டுப் போறா."

பரணிக்கு எல்லாமே இடது கைதான். சாப்பாட்டு நேரத்தில் இதேபோன்ற பட்டியால் அந்தக் கையைக் கட்டிப் போட்டவள் மருதம்மாள். துணி கிழிகிற சத்தம் கேட்டாலே பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, சுவரோடு சாய்ந்து சிரிப்பாள்.

அவர் இறுக்கிக் கட்டினார். காலையில் முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. இவளே வலது கையால் அவிழ்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் உள்ளங்கையில் வைத்த சோற்றை எடுத்துவிட்டுக் கையைக் கழுவிவிடுவது அவர் வழக்கம். ஒருநாள் அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் உள்ளங்கை வெறுமையாக இருந்தது. பாயில் ஒரு பருக்கைகூட இல்லை. அவளே தின்றிருப்பாள். அப்படித்தான் இருக்கும்.

ஐப்பசியில், மின்வாரியத்தார் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்திய நாள் அது. கம்பெனி லீவு. வருடக்கணக்காகக் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்த தறிகள் ஒரேயடியாக ஓய்ந்ததில், ஓட்டில் மழை சொட்டுவதும், கஞ்சிப்பசை நாறும் ஈரக்காற்று சன்னல் திரையைத் தள்ளுவதும், மருதம்மாள் மூச்சு விடுவதும் தனித்தனியாகக் கேட்டன. அவளை மெல்லப் புரட்டி, சுருங்கிய சேலையைச் சரிசெய்து, பட்டியைக் கட்டாமல் தலைமாட்டில் வைத்துவிட்டு, அவளுடைய இடது பக்கத்தில் படுத்துக் கண்ணயர்ந்தார்.

விழித்தபோது அறை மங்கியிருந்தது. அவருடைய சுண்டுவிரலை யாரோ பிடித்திருந்தார்கள்.

சின்னப் பிடி. சாலையைக் கடக்கும்போது பிள்ளை பிடிக்கிற பிடி. உள்ளங்கை வெதுவெதுப்பாக, லேசாக வியர்த்திருந்தது.

அவர் அசையவில்லை. பயமாக இருந்தது. விட்டுவிடுமோ என்றும் பயமாக இருந்தது.

"பரணி," என்றார். "கண்ணு."

பிடி இறுகியது.

அப்புறம்தான் கவனித்தார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

திடீரென்று தறிகள் ஓடத் தொடங்கின. விளக்கு எரிந்தது. மருதம்மாளின் கண்கள் பாதி திறந்திருந்தன. நெற்றியைத் தொட்டார். சில்லிட்டிருந்தது. கன்னம். கழுத்து. வலது கை. எல்லாம் சில்லென்று.

இடது கை மட்டும் சுட்டது. அவர் விரலை விடவில்லை.

பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு மயிலாத்தாள்தான் கத்தி ஊரைக் கூட்டியது. பெண்கள் வந்தார்கள். யாரோ வாசல் விளக்கைப் போட்டார்கள். யாரோ கண்களை மூடிவிட்டார்கள். சண்முகவேல் கட்டிலோரத்திலேயே, விரலைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கைப் பெருவெரலு ரெண்டையும் சேத்துக் கட்டோணும்," என்றாள் மயிலாத்தாள். தலைமாட்டில் கிடந்த பட்டியை எடுத்தாள். "இதே போதும். கைய உடுங்க தம்பி."

"அந்தக் கையக் கட்ட வேண்டாமுங்கக்கா."

"என்ன பேச்சுங்க இது? கட்டாம எப்புடி அனுப்பறது? உடுங்க சாமி."

அவருடைய தோளைப் பிடித்து இழுத்தாள். சுண்டுவிரல் நழுவி வந்தது. குளிர்ந்தது.

மயிலாத்தாள் பட்டியின் முனையைப் பல்லால் கடித்து, நீளவாக்கில் கிழித்தாள்.

துணி கிழிகிற சத்தம்.

மருதம்மாளின் முகம் அசையவில்லை. மார்பு அசையவில்லை. இடது கை பாயில் விரல்களை ஊன்றியது. நகர்ந்தது. மெதுவாக, சேலை மடிப்பை விலக்கிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.