முப்பத்தொரு தலைகள்

பள்ளிப் பேருந்து ஓட்டிய டிரைவர் மாமா குட்டையானவர். தினமும் படியில் ஏறி நின்று, குதிகாலை உயர்த்தி எக்கி எக்கித்தான் தலைகளை எண்ணுவார். பாவம், மாமாவுக்குத் தெரியட்டும் என்று பிள்ளைகளும் எக்குவார்கள்.

"முப்பத்தொண்ணு! எல்லாரும் இருக்கீங்க, போலாமா?" என்பார். அந்த முப்பத்தொன்றில் அவருடைய மகளும் ஒருத்தி.

அவர் இறந்து பத்து நாள் ஆகிவிட்டது.

இன்று மைதானத்தில் அவருக்கு அஞ்சலி. பேருந்துப் பிள்ளைகள் முன்வரிசையில் நின்றார்கள். எதிரே, அவருடைய படத்தின் பக்கத்தில், மகள் மட்டும் தனியாக நின்றாள். தலைமை ஆசிரியை பேச ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார். வெயில் ஏறிக்கொண்டே போனது.

"இப்போது இரண்டு நிமிடம் மௌனம். யாரும் அசையக் கூடாது" என்றார் ஒருவழியாக.

முன்வரிசையில் நின்ற சுண்டெலி, தன் தோழியான அந்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டெலி என்பது பேருந்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். தோழியின் உதடு வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. சுண்டெலிக்குப் பகீரென்றது. போன மாதம் இதே மைதானத்தில் இப்படியே நின்று, பூந்தொட்டியோடு சேர்ந்து விழுந்தவள் சுண்டெலிதான்.

அன்று, நர்ஸ் வேலை பார்க்கும் அவள் அம்மா சொன்னாள்: "அசையாம நின்னா ரத்தம் கால்லயே தேங்கிடும். இதயத்துக்குத் திரும்பி வர்றது குறைஞ்சா, அது தலைக்கு எதை அனுப்பும்? கெண்டைக்காலை இறுக்கி இறுக்கி விட்டா ரத்தம் மேல ஏறும்."

சுண்டெலி வரிசையை விட்டு ஓடினாள். டீச்சர் முறைத்ததை அவள் கண்டுகொள்ளவில்லை.

"உட்காருடி, விழுந்திடுவ."

"மாட்டேன். அப்பாவுக்காக நிக்கிறேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் சுண்டெலிக்கும் அழுகை முட்டியது. தோழியின் கையை இறுகப் பிடித்தாள்.

"சரி, அப்போ உங்கப்பா மாதிரி எக்கு. எக்கி எக்கி இறங்கு."

தோழி குதிகாலை உயர்த்தினாள். இறங்கினாள். மறுபடி உயர்த்தினாள்.

வரிசையில் யாரோ விசும்பினார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, பேருந்துப் பிள்ளைகள் எல்லாரும் தலை தெரிய எக்கினார்கள். அதட்ட வாயைத் திறந்த தலைமை ஆசிரியை, கண்ணைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

தோழியின் உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. ஒவ்வொரு முறை எக்கும்போதும் அவள் ஏதோ முணுமுணுத்தாள். சுண்டெலி காதைக் கொடுத்துக் கேட்டாள். தோழி தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியில் சுண்டெலியையும் தன்னையும் சேர்த்துக்கொண்டாள்.

"முப்பத்தொண்ணு" என்றாள் படத்தைப் பார்த்து. "எல்லாரும் இருக்கோம்ப்பா."