திரையில் நெளிந்தது

திரையின் வலது மூலையில் இருந்த வெள்ளைப் புள்ளி, ஃபரீதா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கீழே இறங்கியது.

திரையில் படத்தைக் கொண்டுவரும் டிரைவர் மென்பொருளின் கோளாறு என்றுதான் நினைத்தாள். கிருஷ்ணகிரிக்கு வெளியே இருந்த அந்த மாம்பழக்கூழ் ஆலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. முந்தின நாள், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸின் புதிய பதிப்பை அவளாகத்தான் ஏற்றினாள். அதன் பிறகு படமும் பட்டன்களும் வரவேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. "பழசு நல்லாத்தானே ஓடிச்சு? யாரைக் கேட்டு கை வெச்ச?" என்று முதலாளி ரத்தினவேல் போனில் கத்தினார். திங்கட்கிழமை காலை பெங்களூரிலிருந்து ஏற்றுமதிக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் சரியாகாவிட்டால் அவள் வேலைக்கே வரவேண்டாமாம்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து மாம்பழ சீசன் முடிகிற ஞாயிறு. ஆலை ஓடவில்லை. பின்புறம் மலையாய்க் குவிந்திருந்த தோலும் கொட்டையும் மழையில் ஊறிப் புளித்து நுரைத்து, அந்த இனிப்பு நாற்றம் மூடிய ஜன்னலையும் தாண்டி வந்து நாக்கில் எண்ணெய்ப் பிசுக்காய்ப் படிந்தது. கண்ணாடியில் கொத்துக்கொத்தாய் அப்பியிருந்த ஈக்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. காலையிலிருந்து எச்சில் விழுங்கவே குமட்டியது. கண்வேறு உறுத்தியது. கசக்கிக்கொண்டாள்.

செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து கிராஃபிக்ஸ் கார்டின் பெயரை மாற்றிப் போட்டாள். மறுபடியும் கறுப்புத் திரை. இப்போது அதில் இரண்டு புள்ளிகள்.

மானிட்டரின் அதிர்வெண்ணைக் குறைத்தாள். புள்ளிகள் பெருகின. புள்ளிகள் என்றும் சொல்ல முடியவில்லை. குழைந்த சோற்றுப் பருக்கைகளாய் நீண்டன, சுருங்கின, ஒன்றின்மேல் ஒன்று ஏறின.

கடைசி முயற்சியாக, எந்தக் கார்டோடும் ஒத்துப்போகிற பதினாறு வண்ண டிரைவரைப் போட்டாள்.

படம் வந்துவிட்டது! நீலத் திரை, பட்டன்கள், எழுத்துகள், எல்லாம் துல்லியமாக.

அதன்மேல் அவை.

துப்பட்டாவால் திரையின் கண்ணாடியைத் துடைத்தாள். போகவில்லை. மானிட்டரை அணைத்தாள்.

அணைந்த திரையிலும் நெளிந்தன.

கதவு திறந்தது. துடைப்பத்தோடு மாரம்மா. ஆலையைக் கூட்டிப் பெருக்குகிறவள்.

"என்ன பாப்பா, இன்னும் ஊட்டுக்குப் போலியா?"

"மாரம்மாக்கா, இங்க வாங்க. இதுல என்ன தெரியுது?"

"என்ன தெரியும்? அமத்தி வெச்சிருக்கிற. கருப்பாக் கெடக்குது."

ஃபரீதா மானிட்டரைப் போட்டாள். "இப்ப?"

"நீலமா இருக்குது. எழுத்து இருக்குது. நல்லாத்தான இருக்குது."

"வெள்ளையா... நெளியலயா?"

"எங்க நெளியுது?" என்றபடி மாரம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

துடைப்பம் கீழே விழுந்தது.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மாரம்மா பின்னால் போனாள். முதுகு கதவில் இடித்தது.

"பாப்பா... கண்ணக் கசக்காத."

ஃபரீதா கசக்கவில்லை. அசையவுமில்லை. கன்னத்தில் ஈரமாக ஏதோ இறங்கியது. கண்ணீர் என்று நினைத்தாள்.

பாதிக் கன்னத்தில் அது நின்றது.

திரும்பியது.

மேலே ஏறத் தொடங்கியது.