காயல் மதகின் உள்பக்கம்

சுனிதா காரை விட்டு இறங்கியபோது மணக்குடிக் காயல் வற்றிக் கிடந்தது. சேற்று நாற்றமும் துருவின் வாடையும் கலந்து தொண்டைக்குள் இறங்கின. எதிரே பழைய மதகு. கடல்நீர் ஏறாமலிருக்க என்றோ போட்ட இரும்புக் கதவு. அதற்குப் பின்னால், தண்ணீரே காணாமல் வெடித்து வெளுத்துப்போன சதுப்பு நிலம். கதவை எடுத்துவிட்டு, கடல் ஏற்றத்தின்போது திறந்துகொடுக்கும் புதுக் கதவை மாட்டினால் உப்புச்செடியும் கண்டல் மரங்களும் மறுபடி முளைக்கும். பொறியாளர் சுனிதா வந்தது அந்த வேலைக்குத்தான்.

வரப்பில் நின்றிருந்த வயதான பெண் வழியை விடவில்லை. பக்கத்துக் கரையில் குடியிருக்கும் செசிலி.

"யாரக் கேட்டுத் தூக்குதிய?"

"ஆர்டர் இருக்கும்மா. தள்ளி நில்லுங்க."

"எங்கண்ணன் மதகுக்கடியில சிக்குன கல்லு எடுத்துட்டு கெடக்கும்போதே இந்தக் கதவ எறக்குனாவ. வயலுல உப்பு ஏறிருமாம், சவத்துப் பயலுவளுக்கு. உடம்புகூட கெடைக்கல்ல." செசிலி சேற்றில் காறித் துப்பினாள். "இப்ப அங்க கெடக்கது எங்கண்ணன் இல்ல, கேட்டியளா. அது வேற."

சுனிதா கிரேனுக்குக் கை காட்டினாள்.

கதவு முனகிக்கொண்டே எழுந்தது. அதன் உள்பக்கம் துரு அப்பியிருந்தது. ஆனால் கை எட்டும் உயரம்வரை மட்டும் இரும்பு தேய்ந்து, பளபளவென்று மின்னியது.

அளவெடுக்க வெல்டர் லிபின் கதவுக்கடியில் திறந்த மதகுக் கண்ணுக்குள் குனிந்து நுழைந்தான். டேப் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"லிபின்?"

"இருக்கேன் மேடம்."

அவன் குரலுக்கும் பின்னால், இன்னும் ஆழத்திலிருந்து, ஈரம் சொதசொதக்கும் இன்னொரு குரல்.

"நானும் இருக்கேன்."

லிபின் அலறினான்.

ஏற்றத்துக்கு இன்னும் நேரமிருந்தது. ஆனாலும் காயல் கறுப்பாகப் புரண்டு வந்தது. கிரேன்காரர் லீவரைத் தொடவேயில்லை. தூக்கிய கதவு தானாக இறங்கத் தொடங்கியது. சுனிதா சேற்றில் குப்புற விழுந்து லிபினின் கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்தப் பக்கமும் இழுத்தது. அவசரமில்லாமல். விளையாட்டுக் காட்டுவதுபோல.

"அண்ணா, நான் செசிலியாக்கும்! விடு அவன!"

ஒரு நொடி பிடி தளர்ந்தது. லிபின் வெளியே வந்து விழ, அவன் காலுக்குப் பின்னால் கதவு அறைந்து மூடியது. அது பிடித்திருந்த கணுக்காலில் எலும்பு நொறுங்கி, பாதம் திரும்பிக் கிடந்தது.

ஆம்புலன்ஸில் அவனை ஏற்றியதும் சுனிதா செசிலியைக் கும்பிட்டாள். செசிலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்காவ ஒருத்தன விட்டுட்டான். சும்மா விடமாட்டான். போங்க இங்கேருந்து."

நாகர்கோவில் சாலையில், ஆம்புலன்ஸுக்குப் பின்னால் சுனிதா தனியாகக் காரை ஓட்டினாள். கண்ணாடிகளை ஏற்றியும் சேற்று நாற்றம் போகவில்லை. புத்தளம் தாண்டியதும் ஒரு மணி கிணுகிணுத்தது.

பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்தும் சீட் பெல்ட் போடவில்லை என்கிற எச்சரிக்கை.

அவள் திரும்பிப் பார்த்தாள். இருக்கை காலி. ஆனால் மெத்தை அழுந்திக் குழிந்திருந்தது. குழியில் உப்புநீர் ஊறிக்கொண்டிருந்தது.

பெல்ட் மெல்ல இழுபட்டது. கிளிக்.

மணி நின்றது.