இரண்டே நாளில் திரும்பி வந்த பெட்டி

மணி சரியாக இரண்டு. கரண்ட் போனது. இந்த ஊரில் வேறு எது நேரத்துக்கு நடக்கிறதோ இல்லையோ, கரண்ட் மட்டும் நிமிஷம் தப்பாமல் போகும். மின்விசிறி நாலு சுற்று சுற்றி நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு உதறு உதறி அடங்கியது. பக்கத்து வீட்டு டிவியில் அழுதுகொண்டிருந்தவள் பாதி அழுகையில் நின்றுபோனாள். மேசைமேல் இருந்த, பேட்டரி செத்த லேப்டாப்பின் திரை கறுத்தது. நாற்பத்தொரு சதவீதம் காப்பி ஆகியிருந்தது. புஷ்பலதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"போச்சு. மறுபடியும் மொதல்லேர்ந்து."

உள் அறையில் செல்வி தன் பொம்மைக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தணிகைச்செல்வி என்று பெயர், வயதும் ஏழு. பேச ஆரம்பித்த நாளிலிருந்து வாய் ஓய்ந்ததில்லை. மற்ற நாளாக இருந்தால் புஷ்பலதா காதில் வாங்காமல் வேலையைப் பார்த்திருப்பாள். இன்று எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது.

"ஏய், கொஞ்ச நேரம் வாய மூடிகினு இருடி" என்று கத்தினாள்.

வாய்ப்பாடு நின்றது. வீடே நிசப்தமானது. அந்த நிசப்தத்தில்தான் அவளுக்கு அது கேட்டது. மெல்லிய, சீரான, உர்ரென்ற ஒரு சத்தம். மேசையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் இருந்த ஹார்ட் டிஸ்க் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நீல விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன் ஒயர் லேப்டாப் மாட்டியிருந்த அதே ப்ளக்கில்தான் மாட்டியிருந்தது.

தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. உள்ளே மிச்சம் மீதி கரண்ட் இருக்கும், தீர்ந்தால் நிற்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குமேல் யோசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. மூன்று வாரமாக இந்த ஹார்ட் டிஸ்க் சனியன் அவள் பொறுமையைத் தின்று தீர்த்திருந்தது.

எல்லாம் சூர்யபிரகாஷின் குரலுக்காக. அவள் புருஷன் மைக் செட் வைத்திருந்தான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஆட்டோவில் கூம்பு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு திருவாலங்காடு வரை அறிவித்துக்கொண்டு போவான். ஆடிக் கிருத்திகை மூன்று நாளும் முருகன் கோயில் மலையடிவாரத்தில் மைக் பந்தலே கதி. காவடிக் கூட்டத்தில் தொலைந்து போகும் குழந்தைகளை அவனிடம்தான் கொண்டுவந்து விடுவார்கள். மைக்கை விரலால் மூன்று தட்டு தட்டுவான், ஒரு முறை தொண்டையைச் செருமுவான், பிறகு அந்தக் கரகரத்த, நிதானமான குரல் மலை உச்சி வரை கேட்கும். தன் குரலைத் தானே கேட்டு ரசிக்கும் வியாதியும் அவனுக்கு உண்டு. அதனால் ஆறு வருஷத்து அறிவிப்பையும் லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தான். போன மார்கழியில் கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அந்தக் குவியலில் பதினோரு நொடி ஓடும் ஒரு பதிவு இருந்தது. மைக்கை அணைக்க மறந்து, வீட்டுக்குப் போன் பேசியது அதில் ஏறியிருந்தது. "புஷ்பா, சோறு போட்டு வையி. தோ வந்துகினே இருக்கேன்." அவ்வளவுதான். மெடிக்கல் ஷாப் வேலை முடிந்து வந்ததும் தினமும் அதை ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். ஒரு மாதமாக லேப்டாப்புக்குள் டிக் டிக்கென்று சத்தம். இன்றைக்கோ நாளைக்கோ மொத்தமாகப் போய்விடும், உடனே வேறொன்றில் ஏற்றிக்கொள் என்றார்கள். அந்தப் பதினோரு நொடி போனால் அவன் இரண்டாவது முறை செத்த மாதிரி.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சடகோபன் முதலில் கைக்கு அடக்கமான சின்ன டிஸ்க் ஒன்றைக் கொடுத்தார். "இதுக்குத் தனி கரண்ட் வேணாம்ங்க. லேப்டாப்புலேர்ந்தே எடுத்துக்கும்" என்றார். வீட்டில் மாட்டினால் லேப்டாப்புக்கு அதைச் சுழற்றத் தெம்பில்லை. முனகிவிட்டு அணைந்துபோனது. திரும்பப் போனாள். ரெட்டை முனை ஒயர் கொடுத்து, இரண்டு ஓட்டையிலும் செருகச் சொன்னார். லேப்டாப்பில் ஒரு ஓட்டைதான் வேலை செய்தது. மறுபடி போனாள். கொழுந்தன் வேணு, அண்ணனுக்குப் பிறகு அந்த ஆட்டோவையும் மைக்கையும் எடுத்து நடத்துபவன், "பெருசா வாங்கிடு அண்ணி" என்று போனில் யோசனை சொன்னான். பெரியதற்குத் தனி அடாப்டர் வேண்டும், இந்தக் கரண்டை நம்பி அடாப்டர் வைத்ததை வாங்குவதா என்று அவனிடம் எரிந்து விழுந்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அதைத்தான் கேட்டாள்.

சடகோபன் அலமாரியின் அடித்தட்டிலிருந்து கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தார். பிரித்து ஒட்டிய அட்டை.

"யாரோ வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்ததா?"

"ஆங். ஒருத்தர் எடுத்துகினு போயி ரெண்டே நாள்ல கொண்டாந்து வெச்சிட்டாருங்க. என்ன கொறைன்னு கேட்டேன். கொறை ஒண்ணும் இல்ல, எல்லாத்தையும் நல்லா எடுத்துக்குதுன்னாரு. காசக்கூட வாங்கிக்கல." அவர் பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார். "விளக்கு சிமிட்டிகினு இருந்தா காப்பி ஆவுதுன்னு அர்த்தம்ங்க. நின்னு எரிஞ்சா முடிஞ்சிடுச்சி."

இப்போது அது சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. கரண்ட் இல்லாத இரண்டு மணி நேரமும் சிமிட்டியது. புஷ்பலதா துணி மடித்தாள், அரிசி புடைத்தாள், அவ்வப்போது திரும்பிப் பார்த்தாள். புழுக்கத்தில் சூடான பிளாஸ்டிக் வாடை வந்தது. அதோடு வேறு ஏதோ வாடையும். வாடிய பூ, பன்னீர், ஆயிரம் பேர் வேர்வை. ஆடிக் கிருத்திகை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஜன்னலைத் திறந்து வைத்தாள். வாடை வெளியிலிருந்து வரவில்லை.

நான்கு மணிக்குக் கரண்ட் வந்தது. மோட்டார் போட்டுத் தண்ணீர் பிடித்து, மாவு அரைத்து முடித்துவிட்டு, ஐந்தேகாலுக்கு லேப்டாப்பைப் போட்டாள். சூர்யபிரகாஷ் வருஷவாரியாகப் பிரித்து வைத்திருந்த ஃபோல்டர்கள் வரிசையாக நின்றன. முதல் ஃபோல்டரைத் திறந்தாள். காலி. அடுத்தது காலி. ஆறும் காலி. ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தாள். எல்லாம் அதில் இருந்தன, ஒன்றுகூடக் குறையாமல். நாற்பத்தொன்றில் நின்றது எப்படி நூறானது என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. காப்பி கேட்டால் இது லேப்டாப்பில் இருந்ததையே வெட்டி எடுத்துக்கொண்டுவிட்டது, தொலையட்டும், எங்கேயாவது இருந்தால் சரி என்று மூச்சு விட்டாள்.

அந்தப் பதினோரு நொடியைத் தட்டினாள்.

"புஷ்பா, சோறு போட்டு வையி. தோ வந்துகினே இருக்கேன்."

கண் நிறைந்தது. புடவைத் தலைப்பை எடுத்தாள். பதிவு அங்கே முடிய வேண்டும், அவளுக்கு மனப்பாடம். முடியவில்லை. யாரோ மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு அதே கரகரத்த குரல், கொஞ்சம் கிட்டத்தில்.

"செல்வி எங்க?"

திரையைப் பார்த்தாள். பதினான்கு நொடி என்று காட்டியது.

அப்போது போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது. வேணு.

"அண்ணி, ஒரு விசயம். கே.ஜி.கண்டிகைல அறிவிப்பு போட்டுகினு இருந்தேன், அண்ணன் பேசுன சி.டி.தான். ரெண்டு ரெண்டேகால் இருக்கும். பாட்டு வருது, மோளம் வருது, அண்ணன் கொரல மட்டும் காணோம். வேற நாலு சி.டி. போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணுலயும் இல்ல அண்ணி."

"செட்டு கெட்டுப் போயிருக்கும்."

"என் கொரலு நல்லா வருதே."

அவள் போனை வைத்தாள். அதே போனில் புருஷன் செல்விக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன வீடியோ இருந்தது. போட்டாள். கேக் இருந்தது, மெழுகுவத்தி இருந்தது, செல்வி கை தட்டினாள். சூர்யபிரகாஷ் வாயைத் திறந்து திறந்து மூடினான். கைதட்டல் மட்டும் கேட்டது.

கை தட்டிய செல்வியும் அந்த வீடியோவில் ஏதோ சொன்னாள். அதுவும் கேட்கவில்லை.

புஷ்பலதா மெதுவாக லேப்டாப்புக்குத் திரும்பினாள். உர்ரென்ற சத்தம் கூடியிருந்தது. டிஸ்க்கில் ஆறு ஃபோல்டர் இருந்த இடத்தில் இப்போது ஏழு. ஏழாவதற்கு 'செல்வி' என்று பெயர். அவள் அப்படி எதையும் உண்டாக்கவில்லை. உள்ளே கணக்கில்லாத பதிவுகள். இழுக்க இழுக்கக் கீழே போய்க்கொண்டே இருந்தன. கடைசிப் பதிவு இன்றைய தேதி, மதியம் இரண்டு மணி.

தட்ட வேண்டாம் என்று மனசு சொன்னது. தட்டினாள்.

"ஏழொண்ணு ஏழு. ஏரெண்டு பதினாலு. ஒழுங்கா சொல்லு, இல்லன்னா அடி விழும். ஏமூணு..."

பிறகு அவளுடைய குரல், தூரத்திலிருந்து, எரிச்சலோடு.

"ஏய், கொஞ்ச நேரம் வாய மூடிகினு இருடி."

பதிவு முடிந்தது. அந்த நேரத்தில் இந்த லேப்டாப் செத்துக் கிடந்தது. இந்த வீட்டில் மைக் இல்லை. பரணில், லாரி மோதியதில் நசுங்கிய கூம்பு ஸ்பீக்கர் ஒன்று சாக்கில் சுற்றிக் கிடக்கிறது, அவ்வளவுதான். வேணு கேட்டும் அவள் கொடுக்காமல் வைத்துக்கொண்டது. ஒயர்கூடக் கிடையாது.

இரண்டு மணியிலிருந்து செல்வியின் சத்தமே வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்திருந்தாள். மூன்றரை மணி நேரம் வாய் மூடி உட்காரும் பிள்ளையா அது?

எழுந்தாள். லேப்டாப்பிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். சுவரிலிருந்து அடாப்டரைப் பிடுங்கினாள். பெட்டி எதோடும் ஒட்டாமல் மேசைமேல் கிடந்தது.

விளக்கு சிமிட்டியது.

"செல்வி. செல்விக்கண்ணு, இங்க வா."

உள் அறைக் கதவு திறந்தது. செல்வி வந்தாள். மஞ்சள் கவுன், இடுப்பில் பொம்மை. முகம் அழுது வீங்கியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

"வெளயாடாதடி. அம்மா திட்டினது தப்புதான். பேசு."

குழந்தை தன் தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பொம்மை கீழே விழுந்தது. வாய் மறுபடி திறந்தது. அகலமாக. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணீர் கன்னத்தில் ஓடியது. மூச்சுக் காற்று மட்டும் வந்து புஷ்பலதாவின் கன்னத்தில் பட்டது.

அவள் குழந்தையை வாரி எடுத்தாள். ஆஸ்பத்திரி. வேணுவின் ஆட்டோ. இல்லை, முதலில் அந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில். இல்லை. அதில்தான் இவள் குரல் இருக்கிறது. அதைக் கிணற்றில் போட்டால் குரலும் போய்விடுமே?

மணி ஆறு. கரண்ட் போனது.

வெளியே மழை மேகம் கவிந்திருந்தது, அந்த இருட்டில் அறை மூழ்கியது. நீல விளக்கு மட்டும். எரிந்தது. அணைந்தது. எரிந்தது. பூவும் பன்னீரும் வேர்வையும் மூச்சை அடைத்தன. எங்கோ வெகு தூரத்தில், மலையைச் சுற்றி நிற்கிற கூட்டம் மாதிரி, ஓர் இரைச்சல்.

தலைக்கு மேலே, பரணில்.

டொக். டொக். டொக்.

சாக்கு சரிந்தது. கூம்பின் வாய் கீழே பார்த்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பக்தகோடிகளின் கனிவான கவனத்திற்கு. மஞ்சள் கவுன் அணிந்த, ஏழு வயதுள்ள, செல்வி என்கிற பெண் குழந்தை, தாயாரைப் பிரிந்து மைக் பந்தலில் அழுதுகொண்டிருக்கிறது. குழந்தை பத்திரமாக நம்மிடம் இருக்கிறது. தாயார் புஷ்பலதா எங்கிருந்தாலும் உடனடியாக வந்து பெற்றுக்கொள்ளவும்."

அவன் குரலுக்குப் பின்னால், மைக்குக்குப் பக்கத்தில், ஒரு குழந்தை விசும்பியது. அம்மா, அம்மா என்று. அவள் இடுப்பில் இருந்தவளின் உதடுகளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன.

"மீண்டும் ஒரு முறை அறிவிக்கிறோம்."

புஷ்பலதா அலறினாள். அந்த அலறல் அவள் காதுக்கே கேட்கவில்லை. மறுபடி அலறினாள். தொண்டை எரிந்தது, வாய் கிழிந்துவிடும் போல வலித்தது. வெறும் காற்று.

பரணிலிருந்து அவளுடைய குரல் பதில் சொன்னது. நிதானமாக, பிரியமாக, அடுப்படியிலிருந்து சொல்வது போல.

"ஆங், தோ வந்துட்டேங்க."

மேசைமேல் நீல விளக்கு சிமிட்டுவதை நிறுத்திவிட்டு நின்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில், ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு, தாயும் மகளும் வாயை அகலத் திறந்தபடி நின்றார்கள்.