குஞ்சு அறையின் சுடர்

கவிப்பிரியா பள்ளியிலிருந்து வந்ததும் நேராகக் குஞ்சு அறைக்கு ஓடினாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் தகரக் கொட்டகைதான் குஞ்சு அறை. அம்மா அமுதவல்லி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் மூன்று கோழிக்குஞ்சுகள் அசையாமல் கிடந்தன.

"என்னம்மா ஆச்சு?"

"ஹீட்டர் அணைஞ்சு போச்சு பாப்பா. குளிர் தாங்காம செத்துப் போச்சுங்க."

கவி ஒரு குஞ்சைத் தொட்டாள்; சில்லென்று இருந்தது.

மார்கழி மாதம். வத்தல்மலையில் பனிமூட்டம் வாசல்வரைக்கும் வந்து நின்றது. எங்கோ மரம் சாய்ந்து காலையிலேயே கரண்ட் போயிருந்தது. பல்பு போட்டுக் குஞ்சுகளைச் சூடாக வைக்கவும் வழியில்லை.

அறையின் நடுவே, குடை விரித்ததுபோல் ஒரு கேஸ் ஹீட்டர் சங்கிலியில் தொங்கியது. அதன் ஓரத்தில் ஒரு சின்னச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அதிலிருந்துதான் பெரிய தீ பற்றும். சுடர் அணைந்தால் கேஸ் தானாக நின்றுவிடும்.

அம்மா பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு லைட்டரைத் தட்டினாள். சுடர் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தாள். 'டப்'. போய்விட்டது.

"மத்தியானத்துல இருந்து இதே கதைதான். சிலிண்டரைக்கூட மாத்திப் பாத்துட்டேன்."

மூலையில் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. கவி சமையலறைக்கு ஓடினாள். வெந்நீர் போட்டுப் பாட்டில்களில் ஊற்றினாள். அப்பாவின் லுங்கியில் அவற்றைச் சுற்றி, அட்டைப் பெட்டிக்குள் அடுக்கினாள். ரொம்பவும் துவண்டுபோன குஞ்சுகளைப் பொறுக்கி அதற்குள் விட்டாள். உள்ளே போன வேகத்தில் ஒரு குஞ்சு லுங்கியில் எச்சமிட்டுவிட்டது.

"உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்றாள் கவி.

பெட்டியில் கொஞ்சம் குஞ்சுகளுக்குத்தான் இடம் இருந்தது. மற்றவை குளிரில் கத்திக்கொண்டே இருந்தன.

அம்மா தருமபுரியில் இருக்கும் மெக்கானிக் அருள்குமாருக்குப் போன் செய்தாள்.

"மலைமேல ஒரே பனியா இருக்குமேக்கா. இந்நேரத்துக்குப் பைக்குல ஏற முடியாதுங்க. காலையில வந்துடறேன்."

"காலையில வந்து எதைத் தம்பி காப்பாத்துவ?"

அவர், "சுடர் பக்கத்துல குச்சியாட்டம் ஒரு கம்பி இருக்கும் பாருங்க. அது சூடானாத்தான் கேஸ் நிக்காம வரும். கம்பி கெட்டுப் போயிருந்தா புதுசுதான் போடணும்" என்றார்.

அம்மா போனைக் கீழே வைத்தாள். புதுக் கம்பிக்கு இந்த மலையில் எங்கே போவது?

"போன வருசம் காப்பிச் செடி கருகிப்போச்சு. இந்த வருசம் இதுங்க. நம்ம கையில எதுவும் தங்காது பாப்பா." அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அம்மா அழுது கவி பார்த்ததே இல்லை. பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. ஆனாலும் அந்தக் கம்பி அவள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

"இன்னொரு தடவை பத்த வைம்மா. நான் அந்தக் கம்பியை மட்டும் பாக்கறேன்."

"பாத்து என்ன ஆகப்போவுது?" என்று சொன்னாலும் அம்மா எழுந்து பற்ற வைத்தாள்.

கவி தள்ளி நின்று குனிந்து பார்த்தாள். சுடர் மஞ்சளாக, தூக்கத்தில் தலை சாய்ந்ததுபோல் துவண்டு எரிந்தது. கம்பியை அது தொடவே இல்லை!

"அம்மா, கம்பி கெடலை! தீதான் கம்பிகிட்ட போகவே மாட்டேங்குது. நம்ம அடுப்புல அழுக்கு அடைச்சா இப்படித்தானே மஞ்சளா எரியும்?"

"இங்க எந்த அழுக்கு வந்து அடைக்கும்?"

கவி தரையைக் காட்டினாள். தரை முழுக்க நெல் உமி பரப்பியிருந்தது. குஞ்சுகள் நாளெல்லாம் அதைக் கிளறிக்கொண்டே இருக்கும். அந்தத் தூசி சுவரில் இருந்தது, ஹீட்டரின் மேல் இருந்தது, அம்மாவின் புருவத்தில்கூட இருந்தது.

கவி ஹீட்டரை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாத! சூடா இருக்கும். மொதல்ல கேஸை மூடணும். கதவைத் தொறந்து வெச்சு, கேஸ் வாடை போற வரைக்கும் இருக்கணும்."

கதவைத் திறந்ததும் ஊசியாகக் குத்தும் காற்று உள்ளே வந்தது. குஞ்சுகள் இன்னும் பலமாகக் கத்தின. கவி ஒரு குஞ்சை எடுத்து உள்ளங்கைகளுக்குள் வைத்து வாயால் ஊதிச் சூடேற்றினாள். அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. பிறகு மெல்ல அடித்தது. பிறகு நின்றுவிட்டது.

"அம்மா..." என்றாள். கையை நீட்டினாள். அம்மா அந்தக் குஞ்சை வாங்கி மற்ற மூன்றுடன் வைத்தாள்.

ஹீட்டர் ஆறியது. கவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து வந்தாள். அம்மா குழாயின் முனையைச் சுடர் வரும் இடத்தில் பிடித்தாள். கவி பலம்கொண்ட மட்டும் அழுத்தினாள்.

புஸ்ஸென்று சாம்பல் நிறத் தூசி பறந்தது. இரண்டு பேருக்கும் தும்மல் வந்தது. இன்னும் அழுத்தினாள். இன்னும் தூசி. பிறகு வெறும் காற்று மட்டும் வந்தது.

கேஸைத் திறந்து, பட்டனை அழுத்தி, அம்மா லைட்டரைத் தட்டினாள்.

நீலச் சுடர்! அது நிமிர்ந்து நின்று கம்பியைச் சுற்றிக்கொண்டது.

அம்மா பட்டனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"போதும், கையை எடும்மா."

"பயமா இருக்கு பாப்பா."

கவி தன் கையை அம்மாவின் கைமேல் வைத்து, மெதுவாக விலக்கினாள். சுடர் அப்படியே நின்றது. அம்மா குமிழைத் திருப்பியதும் பெரிய தீயும் பற்றியது.

குஞ்சுகள் உடனே வரவில்லை. அவற்றுக்கு நடக்கவே தெம்பில்லை. அம்மாவும் மகளும் கைநிறைய அள்ளி அள்ளி வெப்பத்துக்குக் கீழே விட்டார்கள்.

இருட்டுவதற்குள், செத்துப்போன நாலு குஞ்சுகளையும் கொல்லையில் புதைத்தார்கள். கவி அங்கே விசும்பி விசும்பி அழுதாள். அம்மா தடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது அறையில் கத்தல் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரு குஞ்சு இறக்கையை விரித்து, காலை நீட்டிப் படுத்திருந்தது.

"அம்மா, இங்க பாரேன்!"

"மெதுவாப் பேசு பாப்பா," என்று அம்மா அவள் காதோரம் சொன்னாள். "தூங்குதுங்க."